அடி இறங்கும் வழி: ஹானெக்கேயின் ‘வெள்ளை ரிப்பன்’

1913ஆம் ஆண்டின் கோடைக்காலம். வட ஜெர்மனியில் ஐஷ்வால்ட் என்ற கிராமம். குதிரைச் சவாரி முடித்துத் திரும்பும் மருத்துவர், தம் வீட்டுத் தோட்டத்துக்குள் நுழையும்போது குதிரையோடு குப்புற விழுகிறார். இரண்டு மரங்களுக்கு இடையே, கண்ணில் படாத அளவுக்கு மெல்லிய கம்பி ஒன்றை யாரோ இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். எலும்பு முறிந்த மருத்துவரை வெளியூர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். கட்டியது யார் என்று ஊர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கம்பியும் காணாமல் போய்விடுகிறது.

மைக்கேல் ஹானெக்கே எழுதி இயக்கிய ‘வெள்ளை ரிப்பன்’ இப்படித் தொடங்குகிறது. 2009 கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது பெற்ற படம். மறு ஆண்டு கோல்டன் குளோப் கிடைத்தது. வேற்றுமொழிப் படம், ஒளிப்பதிவு என்று இரண்டு பிரிவுகளில் ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. 144 நிமிடம், கறுப்பு வெள்ளை, பின்னணி இசை துளியும் இல்லை. ‘ஒரு ஜெர்மானியச் சிறார் கதை’ என்பது துணைத் தலைப்பு. ஊரின் பள்ளி ஆசிரியராக இருந்தவர் முதுமையில் நினைவுகூர்ந்து சொல்வதாகக் கதை நகர்கிறது. தாம் சொல்வதெல்லாம் உண்மைதானா என்று உறுதியாகத் தெரியாது, ஆனால் பின்னாளில் இந்த நாட்டில் நடந்த சில காரியங்களை இவை விளங்க வைக்கக்கூடும் என்று அவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, ‘இந்தப் பிள்ளைகள்தான் வளர்ந்து நாஜிகள் ஆனார்கள்’ என்று படத்தை ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. கணக்கு பொருந்தத்தான் செய்கிறது. 1913இல் பதினான்கு வயதுப் பையன், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் முப்பத்து நான்கு வயது ஆள். ஆனால் அந்தச் சூத்திரத்தோடு நின்றுவிட்டால் படத்தின் முக்கியமான பகுதி கைநழுவிப் போகும். இந்த ஊரில் அடி யாரிடமிருந்து யாருக்கு இறங்குகிறது, மர்மத் தாக்குதல்களுக்கு இரையாகிறவர்கள் எந்த வரிசையில் வருகிறார்கள் என்பதைத் தொடர்ந்து பார்த்தால்தான் ஹானெக்கே எதைச் சொல்ல வந்தார் என்பது பிடிபடும்.

ஊரின் படிநிலையிலிருந்து தொடங்கவேண்டும். உச்சியில் பாரன் என்ற பட்டம் கொண்ட நிலப்பிரபு. ஊர் மக்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அவருடைய பண்ணைதான் பிழைப்பு. அவருக்குக் கீழே காரியக்காரர், போதகர், மருத்துவர், ஆசிரியர். அதற்குக் கீழே குத்தகைக் குடியானவர்கள். எல்லோருக்கும் கீழே அறுவடைக்கு வந்துபோகும் போலந்துக் கூலிகள். ஐஷ்வால்ட் கற்பனை ஊர். ஆனாலும் அதன் அமைப்பில் கற்பனை எதுவும் இல்லை. எல்பே நதிக்குக் கிழக்கே இருந்த பண்ணைகளில் கூலிகளின் நிலை பற்றி மாக்ஸ் வேபர் இளம் அறிஞராக 1892இல் வெளியிட்ட பெரிய ஆய்வு, இதே உலகத்தைத்தான் விவரிக்கிறது. போலந்துக் கூலிகளின் வரவு அப்போதே அங்கே பெரிய விவாதமாக இருந்தது. பல ஊர்களில் தேவாலயத்துக்குப் போதகரை முன்மொழியும் உரிமையும் நிலப்பிரபுவிடமே இருந்தது. பிரஷ்ய சட்டமன்றத் தேர்தலில் கட்டும் வரியின் அளவை வைத்து வாக்காளர்களை மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள். வாக்கையும் எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். இந்த முறை 1918 வரை நீடித்தது. பண்ணையாளுக்கு அதன் அர்த்தம் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

படத்தில் இந்தப் பிடி வெளிப்படுவது ஒரு சாவில். மரம் அறுக்கும் மில்லில் உளுத்துப்போன தளம் உடைந்து விழுந்து ஒரு குடியானவரின் மனைவி இறந்துபோகிறாள். பிரபுவின் மில், பிரபுவின் அலட்சியம் என்று மகன் கொதிக்கிறான். தகப்பன் பேசாமல் இருக்கிறார். பேசினால் அடுத்த வேளைச் சோற்றுக்கு வழியில்லை. அறுப்பின் பண்டிகை நாளில் ஊரே பிரபுவின் செலவில் குடித்து ஆடிக்கொண்டிருக்கும்போது, மகன் அரிவாளை எடுத்துக்கொண்டு போய் பிரபுவின் முட்டைகோஸ் பாத்திகளைச் சின்னாபின்னமாக வெட்டிப் போடுகிறான். படத்தில் யார் செய்தது என்று ஐயமின்றித் தெரிகிற ஒரே எதிர்ப்பு இதுதான். விலை கொடுப்பது குடும்பம். வேலை போகிறது. கடைசியில் தகப்பன் தூக்கில் தொங்குகிறார். ஹானெக்கே இதை ஒரு கிளைக்கதையாகச் சொல்லிவிட்டு நகர்ந்தாலும் இதுவே படத்தின் அஸ்திவாரம். பெரியவர்கள் மேலே இருப்பவனை எதிர்த்து வாய் திறக்க முடியாத ஊரில், மிஞ்சிய கோபமெல்லாம் வீட்டுக்குள் வருகிறது.

வீட்டுக்குள் சட்டமும் அதற்கு இடம் கொடுத்தது. 1900 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த ஜெர்மானியக் குடிமைச் சட்டத்தொகுப்பு, பிள்ளையை வளர்க்கும் உரிமையின் பகுதியாகத் தகுந்த தண்டனை முறைகளைக் கையாளத் தகப்பனுக்கு வெளிப்படையாக அதிகாரம் கொடுத்தது. அதே நேரத்தில், அந்தத் தொகுப்போடு வந்த அறிமுகச் சட்டம் வேலையாட்களை அடிக்கும் உரிமை எஜமானுக்குக் கிடையாது என்றது. ஒரே நாளில் எஜமான் கையிலிருந்து பிரம்பு பறிக்கப்பட்டது. தகப்பன் கையில் விடப்பட்டது. தகப்பனின் அந்த உரிமை சட்டத்திலிருந்து நீங்க 1958 ஆயிற்று. வன்முறை இல்லாத வளர்ப்பு பிள்ளையின் உரிமை என்று ஜெர்மனி சட்டம் எழுதியது 2000இல்.

சட்டத்துக்கும் முந்தியது இறையியல். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாலெ நகரின் அவுகுஸ்ட் ஹெர்மான் ஃபிராங்கே, பிள்ளை வளர்ப்பில் முதல் வேலை பிள்ளையின் சுய சித்தத்தை உடைப்பதே என்று எழுதினார். தமிழ் வாசகருக்கு இந்த ஹாலெ அந்நியமான ஊர் அல்ல. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய சீகன்பால்கு அங்கே படித்தவர். தரங்கம்பாடி அச்சுக்கூடத்துக்குத் தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பியதும் அதே ஹாலெதான். ஹாலெயில் அநாதைப் பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் கொடுத்த இயக்கமும், பிள்ளையின் சித்தத்தை உடைக்கச் சொன்ன இயக்கமும் ஒன்றே. இதை மறைக்கவும் கூடாது, அந்த நல்ல காரியங்களைக் குறைத்துச் சொல்லவும் கூடாது. ஐஷ்வால்ட்டின் போதகரும் அந்த இரண்டும் கலந்த மனிதர்தான். புர்க்ஹார்ட் கிளவுஸ்னர் அவரைக் கொடியவராக நடிக்கவில்லை. பிள்ளைகளை நேசிக்கிற, அந்த நேசத்தின் பேரிலேயே பிரம்பை எடுக்கிற தகப்பனாக நடிக்கிறார். ‘அடியாத மாடு படியாது’ என்று சொல்லி வளர்ந்த நமக்கு அவரை அடையாளம் கண்டுகொள்வதில் சிரமம் இருக்காது.

கிளாரா, மார்ட்டின் என்ற மூத்த பிள்ளைகள் இருவரும் ஒரு நாள் மாலை வீட்டுக்குத் தாமதமாக வருகிறார்கள். அன்று இரவு யாருக்கும் சாப்பாடு இல்லை. மறுநாள் ஆளுக்குப் பத்து பிரம்படி என்று தகப்பன் அறிவிக்கிறார். அடிக்கிற வலி அடி வாங்குகிற வலியைவிடப் பெரிது என்றும் சொல்கிறார். பிள்ளைகள் வரிசையாக வந்து அவர் கையை முத்தமிட்டுவிட்டுப் படுக்கப் போகிறார்கள். சின்ன வயதில் அவர்கள் கையிலும் தலைமுடியிலும் கட்டிய வெள்ளை ரிப்பனை, தூய்மையை மறந்துவிட்டதால், மறுபடி கட்டவேண்டியிருக்கிறது என்கிறார். மறுநாள் கேமரா ஒரு நடைக்கூடத்தில் நிற்கிறது. பிள்ளைகள் அறைக்குள் போகிறார்கள், கதவு சாத்தப்படுகிறது. சிறிது நேரத்தில் கதவு திறந்து மார்ட்டின் வெளியே வருகிறான். நடைக்கூடத்தைக் கடந்து வேறோர் அறைக்குப் போய், பிரம்பைக் கையில் எடுத்துக்கொண்டு அதே வழியே திரும்பி உள்ளே போகிறான். கதவு மறுபடி மூடுகிறது. கேமரா அசைவதில்லை. அடியின் சத்தமும் ஒரு அலறலும் மட்டும் வெளியே வருகின்றன.

தன்னை அடிக்கப்போகிற பிரம்பைத் தானே எடுத்துவரச் செய்வதில்தான் அந்தத் தண்டனையின் முழுப் பொருளும் இருக்கிறது. அடி உடம்பில் விழுவதற்கு முன்பே பிள்ளை அதற்கு உடந்தையாகிவிடுகிறான். மூடிய கதவைக் காட்டியதற்கும் காரணம் உண்டு. ரத்தத்தைக் காட்டினால் பார்வையாளர் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். மூடிய கதவின் முன்னால் நிறுத்தினால், உள்ளே நடப்பது தெரிந்தும் வெளியே நிற்கிற அண்டை வீட்டுக்காரரின் இடத்துக்கு வந்துவிடுவார். அந்த ஊரே அந்த இடத்தில்தான் நிற்கிறது.

படத்தின் வறண்ட அழகியல் முழுவதும் இந்த ஒரு நோக்கத்துக்குத்தான் உழைக்கிறது. விளக்கொளியிலும் மெழுகுவத்தி வெளிச்சத்திலும் எடுக்கவேண்டியிருந்ததால் ஒளிப்பதிவாளர் கிறிஸ்டியான் பெர்கர் வண்ணச் சுருளில் படமெடுத்து, பிறகு டிஜிட்டல் முறையில் கறுப்பு வெள்ளையாக மாற்றினார். அதனால்தான் இருட்டிலும் முகத்தின் சுருக்கங்கள் வரை துல்லியமாகத் தெரிகின்றன. அவுகுஸ்ட் சாண்டர் அந்தக் காலத்தில் எடுத்த ஜெர்மானியக் குடியானவர்களின் நிழற்படங்களைப் பார்த்தவர்கள் இந்த முகங்களின் உறவுமுறையை உணர்வார்கள். அப்படிப்பட்ட முகங்களுக்காகவே 7000க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். இசை கேட்பது கதைமாந்தர் வாசிக்கும்போதும் பாடும்போதும் மட்டுமே. ஹானெக்கே பத்தாண்டுக்கு மேல் இந்தக் கதையைச் சுமந்துகொண்டிருந்தார். முதலில் தொலைக்காட்சித் தொடராக எழுதியதை, மூத்த திரைக்கதை ஆசிரியர் ழான்-குளோத் காரியேரின் துணையோடு திரைப்படத்துக்கேற்பச் சுருக்கினார். சுருக்கியதில் விளக்கங்கள் போய்விட்டன என்பது படத்துக்கு நல்லதாயிற்று.

இனி, தாக்குதல்களின் வரிசை. முதலில் மருத்துவர். அவர் நல்லவர் அல்ல என்பது பிறகு தெரியவருகிறது. மனைவியை இழந்தவர், தம் வீட்டைக் கவனிக்கும் மருத்துவச்சியை வருடக்கணக்காகப் படுக்கைக்குப் பயன்படுத்திக்கொண்டு, சலித்தபின் அவள் முகத்துக்கு நேராகவே அருவருப்பைக் கொட்டித் தீர்க்கிறார். சொந்த மகளைத் தொடுகிறார். அடுத்து பிரபுவின் மகன் சிகி. பண்டிகை இரவில் காணாமல் போன சிறுவனை, கட்டிப்போட்டுப் பிரம்பால் விளாசப்பட்ட நிலையில் கண்டெடுக்கிறார்கள். பிறகு காரியக்காரர் வீட்டுக் கைக்குழந்தை. குளிர்காலத்தில் யாரோ ஜன்னலைத் திறந்து வைத்ததால் அது நோயில் விழுகிறது. பண்ணையின் களஞ்சியம் எரிகிறது. கடைசியாக மருத்துவச்சியின் மகன் கார்லி. டவுன் சிண்ட்ரோம் உள்ள சிறுவன். இரவில் அவனைக் காட்டுக்குக் கொண்டுபோய்க் கண்கள் குருடாகும் அளவுக்குச் சித்திரவதை செய்திருக்கிறார்கள். பெற்றோரின் பாவத்துக்காக மூன்றாம் நான்காம் தலைமுறைவரை பிள்ளைகள் தண்டிக்கப்படுவார்கள் என்ற பொருள்கொண்ட யாத்திராகம வசனத்தை எழுதிய காகிதம் அவனோடு கிடக்கிறது.

முதல் தாக்குதலில் ஏதோ ஒரு நியாயத்தின் சாயல் இருக்கிறது. அதிகாரம் உள்ள கெட்டவர் விழுகிறார். இரண்டாவதில் அதிகாரம் உள்ளவரின் மகன், தன்னளவில் எந்தத் தப்பும் செய்யாதவன். பிறகு கைக்குழந்தை. முடிவில், ஊரிலேயே யாருடைய பாதுகாப்பும் இல்லாத, தனக்கு நேர்ந்ததைச் சொல்லக்கூடத் தெரியாத பிள்ளை. மேலே இருப்பவரைத் தண்டிக்கக் கிளம்பிய கை ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி எல்லோரிலும் எளியவன்மேல் விழுகிறது. கடவுளின் பெயரைச் சொல்லும் தாளும் அவனிடத்தில்தான் வந்து சேர்கிறது. முதல் தாக்குதலின்போது அது இல்லை. கொள்கை பின்னால் வருகிறது, கொடுமை முன்னால் போகிறது. படத்தின் ஆழமான அவதானிப்பு இதுவே என்பது என் துணிபு.

இவற்றையெல்லாம் பிள்ளைகள்தான் செய்தார்கள் என்று படம் எங்கும் உறுதிசெய்வதில்லை. ஆனால் தடயங்களை நம் முன் வைக்கிறது. ஒரு காட்சியில் மார்ட்டின் பாலத்தின் உயரமான கைப்பிடிமேல் ஏறி நடக்கிறான். பதறிய ஆசிரியரிடம், தன்னைக் கொல்லக் கடவுளுக்கு வாய்ப்புக் கொடுத்ததாகவும், அவர் கொல்லாததால் தன்மேல் அவருக்குத் திருப்தி என்றும் சொல்கிறான். கிளாரா, வகுப்பில் எல்லோர் முன்பும் தகப்பனிடம் அவமானப்பட்டு மயங்கி விழுந்த பிறகு, அவர் ஆசையாக வளர்க்கும் பறவையைக் கத்தரிக்கோலால் கொன்று அவர் மேசைமேல் வைக்கிறாள். தகப்பனுக்குத் தெரிந்துவிடுகிறது. திடப்படுத்தல் ஆராதனையில் திருவிருந்துக் கிண்ணத்தை அவள் உதட்டருகே கொண்டுபோகும்போது அவர் கை ஒரு கணம் தயங்குகிறது. பிறகு கொடுத்துவிடுகிறார். அவருடைய கடைக்குட்டி மகன் குஸ்டாவ் மட்டும், தான் காப்பாற்றி வளர்த்த காயம்பட்ட குருவியைக் கூண்டோடு கொண்டுவந்து, அப்பா சோகமாக இருக்கிறாரே என்று அவரிடம் நீட்டுகிறான். கண்ணீரை அடக்க முகத்தை இறுக்கிக்கொள்ளும் தகப்பனை அங்கே பார்க்கிறோம். இந்தப் பையனுக்கு இன்னும் தண்டனையாக ரிப்பன் கட்டும் வயது வரவில்லை என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

ஊர் என்ன செய்தது? தன் கனவில் கார்லிக்குக் கேடு வருவதைக் கண்டதாகச் சொன்ன காரியக்காரரின் மகளைத் துப்பறிய வந்த காவலர்கள் மிரட்டி அழவைக்கிறார்கள். ஊரின் கேட்டை உரக்கச் சொல்லிக் கிளம்பத் துணிகிற பிரபுவின் மனைவியின் பேச்சு, சாரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் கொல்லப்பட்ட செய்தியால் பாதியில் அறுந்துபோகிறது. மருத்துவச்சி, குற்றவாளி யாரென்று தெரியும் என்று ஆசிரியரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு நகரத்துக்குக் கிளம்பியவள், திரும்பவே இல்லை. மருத்துவரும் பிள்ளைகளோடு மறைந்துவிடுகிறார். கார்லி அவர்கள் இருவருக்கும் பிறந்தவன், எல்லாக் குற்றமும் அவர்களுடையதே என்று ஊர் பேசி முடித்துக்கொள்கிறது. ஆசிரியர் தம் சந்தேகத்தைப் போதகரிடம் சொல்லும்போது, இதை வெளியே சொன்னால் சிறைக்கு அனுப்புவேன் என்று அவர் மிரட்டுகிறார். ஆசிரியர் வாய் மூடுகிறார். பிறகு போர், படைக்கு அழைப்பு, வேறு ஊரில் தையற்கடை. படம் முழுக்க நாம் நம்பிவந்த அந்த மென்மையான, காதல் வயப்பட்ட மனிதரும் பேசாமல் போனவர்களில் ஒருவர்தான். கதைசொல்லியின் பேரிலும் வழக்கு இருக்கிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

வரலாற்று அறிஞரின் ஆட்சேபம் நியாயமானது. பிள்ளைகளைப் பிரம்பால் அடித்தது ஜெர்மனி மட்டுமா? இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் பிரம்பு ஒழிந்ததே 1980களில்தான். அங்கே பாசிசம் ஆட்சிக்கு வரவில்லை. 1918இன் தோல்வி, 1923இன் பணவீக்கம், 1929க்குப் பிந்தைய வேலையின்மை இவற்றையெல்லாம் விட்டுவிட்டு வீட்டு வளர்ப்பை மட்டும் காரணமாக்க முடியாது. ஹிம்லர் மியூனிக்கின் கத்தோலிக்க ஆசிரியர் குடும்பத்தில் பிறந்தவர், லுத்தரன் கிராமத்துப் பிள்ளை அல்ல. மறுபக்கம், போதகரின் மகனான மார்ட்டின் நீமோலர் முதலில் தேசியவாதிகளை ஆதரித்தாலும் பின்பு ஹிட்லரை எதிர்த்து ஏழாண்டுக்கு மேல் சிறையிலும் முகாமிலும் கிடந்தார். ஆனாலும் ஹானெக்கே கதையை எங்கே வைத்தார் என்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. 1932 ஜூலைத் தேர்தலில் நாடு முழுவதும் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது 37 சதவீதம். சீர்திருத்தக் கிறித்தவர் நிறைந்த, பெரும்பாலும் கிராமப்புறமான ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் 51 சதவீதம்.

ஹானெக்கேயும் படத்தை நாஜிகளோடு மட்டும் கட்டிப்போட மறுத்தார். ஏதோ ஒரு கொள்கையை முழுமுதலாக்கி அதன் பெயரில் பிறரைத் தண்டிக்கக் கிளம்பும் எந்த மனத்தையும் பற்றியது இது என்பது பேட்டிகளில் அவர் சொன்னதன் சாரம். 1970களில் இடதுசாரித் தீவிரவாதக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான குட்ரூன் என்ஸ்லினும் ஒரு போதகரின் மகள்தான். இந்த விரிந்த வாசிப்பு சரியே. என்றாலும் கார்லியை நினைத்தால் அந்த நாட்டின் குறிப்பிட்ட வரலாற்றிலிருந்து படத்தைப் பிரிக்க என்னால் முடியவில்லை.

1920இல் சட்ட அறிஞர் கார்ல் பிண்டிங்கும் மனநல மருத்துவர் ஆல்ஃபிரட் ஹோகேயும், வாழத் தகுதியற்ற உயிர்களை அழிக்க அனுமதிப்பது குறித்து ஒரு நூல் வெளியிட்டார்கள். 1940 ஜனவரியிலிருந்து 1941 ஆகஸ்டு வரை, ஆறு இடங்களில் அமைத்த நச்சுவாயு அறைகளில், உடல்நலமும் மனநலமும் குன்றியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட 70,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். யூதர்களுக்கான கொலை முகாம்களில் பின்னர் வேலை பார்த்தவர்களில் பலர் இங்கேதான் பழகினார்கள். தனியாக நடந்த சிறார் கொலைத் திட்டத்தில் குறைந்தது 5,000 பிள்ளைகள் மாண்டார்கள். ஹானெக்கே தம் படத்தின் கடைசி இரையாகக் கார்லியைத் தேர்ந்தெடுத்தபோது இந்த எண்கள் அவர் மனத்தில் இருந்தனவா என்று ஆராய வேண்டியதில்லை. வரலாறு போன வழியும் படம் காட்டும் வழியும் ஒன்றாக இருக்கின்றன: ஊர் அடித்த அடி, கடைசியில் திருப்பிக் கேட்க ஆளில்லாத பிள்ளைமேல்தான் விழுந்தது.

அந்தச் சிறார் கொலைகளுக்கு முன்னோட்டமாக, 1939 ஆகஸ்டு 18 அன்று ஜெர்மானிய உள்துறை அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஊனத்தோடு பிறக்கும் குழந்தைகளையும், மூன்று வயதுக்குட்பட்ட அத்தகைய பிள்ளைகளையும் பற்றி மருத்துவர்களும் மருத்துவச்சிகளும் அரசுக்குத் தகவல் தரவேண்டும் என்று அது கட்டளையிட்டது. தெரிவிக்கவேண்டிய நிலைகளின் பட்டியலில் கார்லிக்கு இருந்த டவுன் சிண்ட்ரோமும் இருந்தது. தகவல் தரும் மருத்துவச்சிக்கு, பிள்ளை ஒன்றுக்கு 2 ரைஷ்மார்க் ஊதியம் என்றும் அதில் எழுதியிருந்தது.